தறியும் விதியும்: பொருள்நோக்கு மென்பொருளில் மாறும் வணிக விதிகளின் வடிவமைப்பு வரலாறு – அம்மையார்குப்பம் நெசவுத்தொழிலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வரி, சலுகை, தகுதி, விலை முதலியவற்றை வரையறுக்கும் வணிக விதிகள் அடிக்கடி மாறுவன. அவை மாறுந்தோறும் மென்பொருளை முழுமையாகத் திருத்தி எழுதாமல், விதியை மட்டும் மாற்றி அமைக்கும் வகையில் அதனை வடிவமைப்பது எவ்வாறு என்னும் வினா, பொருள்நோக்கு மென்பொருளியலில் சுமார் அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. இக்கட்டுரை அவ்வினாவின் வரலாற்றை ஆந்திர எல்லையோர நெசவூரான அம்மையார்குப்பம் கண்ட விதி மாற்றங்களோடு பொருத்தி ஆராய்கிறது. அம்மாற்றங்கள் அளவு, அமைப்பு, அதிகாரம், காலம் என நான்கு வகைப்படும் என்பதும், ஒவ்வொரு வகைக்கும் வேறு வேறு வடிவமைப்புத் தேவை என்பதும், மாற்றக் காலத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதை மென்பொருள் தானாக முடிவு செய்தல் கூடாது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வணிக விதி, பொருள்நோக்கு நிரலாக்கம், இனக்குழு, புறனடை, செல்லுபடிக் காலம், விசைத்தறி, அம்மையார்குப்பம்.

முன்னுரை

ஒரு மென்பொருளில் அடங்கியுள்ள கட்டளைகளை இரண்டாகப் பகுக்கலாம். கணினி எவ்வாறு இயங்க வேண்டும் என்று கூறுவன ஒரு வகை. அம்மென்பொருளைப் பயன்படுத்தும் தொழில் எவ்வாறு நடைபெற வேண்டும் என்று கூறுவன மற்றொரு வகை. துணிக்கு எத்தனை விழுக்காடு வரி, தறிக்கு எத்தனை அலகு மின்சாரம் இலவசம், எத்துணியை எத்தறியில் நெய்யலாம் என்பன போன்ற பின்னவையே வணிக விதிகள் எனப்படுகின்றன. முன்னவற்றை இயற்றுபவர் நிரலர். பின்னவற்றை இயற்றுவது அரசு, நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் போன்ற அமைப்புகள். இயற்றுவோர் வேறாக இருக்க, இரண்டும் ஒரே நிரலில் பிரித்தறிய இயலாதவாறு கலந்து எழுதப்படும்போது, அரசாணையில் ஓர் எண் மாறினாலும் நிரல் முழுவதையும் தேடித் திருத்த வேண்டிய நிலை ஏற்படுகிறது.

இச்சிக்கல் தமிழ் இலக்கண மரபிற்குப் புதியதன்று. பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை என்னும் அடுக்கினைத் தமிழ் இலக்கண நூல்கள் கையாளுகின்றன. சிறப்புவிதி தன் எல்லைக்குள் பொதுவிதியை விலக்கும். கூறப்பட்டவற்றுள் அடங்காதன வருமாயின் அவற்றைத் தழுவிக்கொள்வதற்கு இடமளிப்பது புறனடை. தொல்காப்பியம் இயல்களின் இறுதியில் புறனடை நூற்பாக்களை வைத்துள்ளது. நன்னூலும் தன் இறுதிப் புறனடையில் காலத்தால் நேரும் மாற்றத்திற்கு இடம் தருகிறது. நூலை மீண்டும் எழுதாமலே புதியதை ஏற்கும் இவ்வடிவத்தையே பொருள்நோக்கு மென்பொருளியலும் தேடிச் சென்றது. அத்தேடலின் வரலாற்றை ஒரு நெசவூரின் பட்டறிவோடு சேர்த்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அம்மையார்குப்பம் கண்ட நான்கு வகை மாற்றங்கள்

திருவள்ளூர் மாவட்டம் ஆர்.கே.பேட்டை வட்டத்தில், திருத்தணியை அடுத்து ஆந்திர எல்லையோரமாக அமைந்துள்ளது அம்மையார்குப்பம். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு ஆகிய அண்டை ஊர்களைப் போலவே நெசவை வாழ்வாதாரமாகக் கொண்ட ஊர் இது. கைத்தறியும் விசைத்தறியும் இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். இங்கே தறியும் பாவும் ஊடையும் தொடர்ந்து வந்துள்ளன. அவற்றின்மீது செயற்படும் விதிகளோ பலமுறை மாறியுள்ளன.

முதலாவது, அதிகார மாற்றம். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் திருத்தணிப் பகுதி இருந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இப்பகுதி சென்னை மாநிலத்தை விட்டு ஆந்திரத்திற்குச் சென்றது. 1956 நவம்பர் 1இல் அம்மாநிலம் ஆந்திரப் பிரதேசமாக விரிவடைந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தையும் படாஸ்கரின் பரிந்துரையையும் தொடர்ந்து இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1இல் இப்பகுதி மீண்டும் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஏழாண்டுகளுக்குள் இடம்பெயராமலே ஒரு நெசவாளர் இரு மாநிலங்களின் குடிமகனாக இருந்துள்ளார். மாநில எல்லைகளை மாற்றும் சட்டங்கள், புதிய சட்டமன்றம் வேறு வகை செய்யும் வரை பழைய சட்டங்களே அப்பகுதியில் தொடரும் என்று கூறும் பிரிவைக் கொண்டிருப்பது வழக்கம். ஆகவே ஓரிடத்தை ஆளும் அதிகாரம் மாறும் நாளும், அவ்விடத்திற்குரிய விதி மாறும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வரி விதிப்பிலும் இத்தகைய அதிகார மாற்றம் நிகழ்ந்தது. 1939இல் இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு பொது விற்பனை வரியை அறிமுகப்படுத்தியது. 1957இல் துணி, சர்க்கரை, புகையிலை ஆகியவற்றின் மீதான மாநில விற்பனை வரிக்கு மாற்றாக மைய அரசு கூடுதல் ஆயத்தீர்வையை விதித்து, அவ்வருவாயை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறை வந்தது. ஆந்திரப் பிரதேசம் 2005 ஏப்ரல் 1இல் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறியது. தமிழ்நாடு 2007 சனவரி 1இல்தான் மாறியது. இடைப்பட்ட 21 மாதங்கள் எல்லையின் இரு பக்கங்களிலும் இருவேறு வரி முறைகள் நிலவின. 2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நாடு முழுமைக்கும் வந்தது.

இரண்டாவது, அளவு மாற்றம். 2006இல் தமிழ்நாடு அரசு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படும் மின் பட்டியலில் கைத்தறி நெசவாளர்க்கு 100 அலகும், விசைத்தறி நெசவாளர்க்கு 500 அலகும் இலவசமாக வழங்கியது. 2016இல் இவை முறையே 200, 750 என்றும், 2023இல் 300, 1000 என்றும் உயர்த்தப்பட்டன. விதியின் வடிவம் மாறவில்லை. அதில் இடம்பெறும் எண் மட்டுமே மாறியது.

மூன்றாவது, அமைப்பு மாற்றம். சரக்கு மற்றும் சேவை வரியில் துணிக்கு ஒரே விழுக்காடும், ஆயத்த ஆடைக்கு விலையைப் பொறுத்து இரு விழுக்காடுகளும் வகுக்கப்பட்டன. ஆடையின் விலை 1000 ரூபாய் வரை எனில் 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டால் 12 விழுக்காடு என்பது முறை. 2025 செப்டம்பர் 22 முதல் விலை வரம்பு 2500 ரூபாயாகவும், மேல் விழுக்காடு 18ஆகவும் மாறின. 2025இன் மாற்றம் அளவு மாற்றமே. எனினும் 'பொருளுக்கு ஒரு வரி' என்றிருந்த கணக்கு 'பொருளின் விலையைப் பார்த்து வரி' என்றாகியது அமைப்பு மாற்றமாகும். எண்ணை மாற்றுவதால் மட்டும் இதனை நிறைவேற்ற இயலாது. விலை என்னும் புதிய காரணி கணக்கிற்குள் நுழைய வேண்டும்.

நான்காவது, கால மாற்றம். துணிக்கான வரியை 2022 சனவரி 1 முதல் 5இலிருந்து 12 விழுக்காடாக உயர்த்தும் அறிவிக்கை 2021 நவம்பரில் வெளியானது. 2021 டிசம்பர் 31இல் கூடிய வரி மன்றத்தின் 46ஆம் கூட்டம் அதனை ஒத்திவைத்தது. அதே காலத்தில் அறிவிக்கப்பட்ட காலணி வரி உயர்வு மட்டும் நடைமுறைக்கு வந்தது. துணிக்கான உயர்வு, அறிவிக்கப்பட்டும் ஒரு நாள்கூட நடைமுறையில் இல்லாத விதியாயிற்று. இத்தகைய விதியை நினைவில் வைக்கவும், செயற்படுத்தாமல் இருக்கவும் ஒருசேரத் தெரிந்த கணக்குப் பொறி தேவைப்படுகிறது.

2. தறியிலிருந்து பிரிந்த வடிவம்

மாறுவதை மாறாததிலிருந்து பிரித்து வைக்கும் சிந்தனை கணினிக்கு முன்பே நெசவில் தோன்றியது. பிரெஞ்சு நகரமான லியோனில் 1725இல் பாசில் பூசோன் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு பாவு இழைகளைத் தெரிவு செய்யும் முறையை உருவாக்கினார். அவரைத் தொடர்ந்து ஃபால்கோன் அட்டைகளைக் கோத்துப் பயன்படுத்தினார். 1804ஆம் ஆண்டையொட்டி ஜோசப் மரி ஜக்கார்டு இம்முறைகளைச் செம்மைப்படுத்தினார். அவர் பெயராலேயே ஜக்கார்டு பெட்டி தமிழ்நாட்டுத் தறிகளிலும் இன்று வரை வழங்குகிறது. துளையிட்ட அட்டை எந்தப் பாவு இழைகள் உயர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பூவேலைப்பாட்டை மாற்ற விரும்பும் நெசவாளர் தறியைப் பிரித்துக் கட்டுவதில்லை. அட்டைக் கோவையை மாற்றுகிறார்.

சார்லஸ் பாபேஜ் 1830களில் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறிக்கு இவ்வட்டை முறையையே எடுத்துக்கொண்டார். ஏடா லவ்லேஸ் 1843இல் வெளியிட்ட குறிப்புகளில் அப்பொறியின் செயலை ஜக்கார்டு தறியின் நெசவோடு ஒப்பிட்டார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித்தின் துளை அட்டைகள் பயன்பட்டன. 1950களின் இறுதியில் அமெரிக்கத் தொழில் நிறுவனங்கள் முடிவு அட்டவணை என்னும் உத்தியைக் கையாளத் தொடங்கின. நிபந்தனைகளை மேற்பகுதியிலும் செயல்களைக் கீழ்ப்பகுதியிலும் எழுதி, எந்த நிபந்தனைக் கூட்டத்திற்கு எந்தச் செயல் என்று பத்திகளில் குறிக்கும் முறை அது. நிரல் அறியாத மேலாளரும் அவ்வட்டவணையைப் படித்துச் சரிபார்க்க முடிந்தது.

ஜக்கார்டு அட்டைக்கும் வணிக விதிக்கும் உள்ள வேறுபாடும் இங்குக் கருதத்தக்கது. அட்டையில் உள்ள வடிவம் தறியில் ஏற்றியவுடன் முழுமையாகச் செயற்படும். பழைய சேலையைப் புதிய அட்டை பாதிக்காது. வணிக விதியோ கடந்த காலக் கணக்குகளோடும் உறவுடையது. ஐந்தாண்டுக்கு முந்தைய பட்டியலை இன்று சரிபார்க்கும்போது அன்றைய விதியே வேண்டும். அட்டையைக் கழற்றி எறிவது போல விதியைக் களைய முடியாது.

3. பொருள்நோக்கின் தோற்றமும் விதியின் இருப்பிடமும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தொடக்கம் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் அமைந்தது. அங்கு ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் நடைமுறை உலகச் செயல்களைக் கணினியில் ஒப்புருவாக்குவதற்காகச் சிமுலா மொழியை உருவாக்கினர். சிமுலா 67 பதிப்பில் இனக்குழு, பொருள், மரபுரிமம் ஆகிய கருத்துகள் இடம்பெற்றன. 1970களில் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே குழுவினர் உருவாக்கிய ஸ்மால்டாக், ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் பொருள்களின் கூட்டமாக மென்பொருளைக் கண்டது.

உலகில் உள்ள ஒன்றை அப்படியே நிரலில் ஒரு பொருளாக்கலாம் என்னும் இவ்வணுகுமுறை பெரும் ஈர்ப்பைப் பெற்றது. எனினும் விதியை எங்கே வைப்பது என்னும் வினாவிற்கு அது நேரடி விடை தரவில்லை. தொடக்கக்கால வடிவமைப்புகள் விதியைப் பொருளுக்குள்ளேயே வைத்தன. மின் இணைப்பு என்னும் தாய் இனக்குழுவிலிருந்து கைத்தறி இணைப்பு, விசைத்தறி இணைப்பு என்னும் சேய் இனக்குழுக்களை மரபுரிமத்தால் பெற்று, இலவச அலகுக் கணக்கை ஒவ்வொன்றிலும் எழுதுவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இவ்வடிவம் நெசவூரின் நடப்பிற்கு ஒத்துவருவதில்லை. கைத்தறி வைத்திருந்த ஒரு குடும்பம் விசைத்தறிக்கு மாறுவது இவ்வட்டாரத்தில் இயல்பான நிகழ்வு. பெரும்பாலான நிரல் மொழிகளில் ஒரு பொருள் தன் வாழ்நாளில் இனக்குழுவை மாற்றிக்கொள்ள இயலாது. பழைய பொருளை அழித்துப் புதியதைப் படைத்தால் அந்நெசவாளரின் முந்தைய கணக்கு வரலாறு அறுபடும். கைத்தறியா விசைத்தறியா என்பது அந்நெசவாளரின் பிறப்பியல்பன்று. ஒரு காலப்பகுதியில் அவர் வகிக்கும் நிலை அது. நிலையை இனமாகக் கொண்டதே இவ்வடிவத்தின் பிழை.

இப்பிழையைத் தவிர்ப்பதற்கான கோட்பாட்டு அடிப்படையை டேவிட் பார்னாஸ் 1972இல் வெளியிட்ட கட்டுரை வழங்கியது. ஒரு மென்பொருளைச் செயல் வரிசைப்படி பகுப்பது பொருந்தாது என்றும், மாறக்கூடிய முடிவுகள் எவை என்று கண்டு ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். 1988இல் பெர்ட்ராண்ட் மேயர், ஒரு மென்பொருட்கூறு விரிவாக்கத்திற்குத் திறந்தும் திருத்தத்திற்கு மூடியும் இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்தார். மூலநூலைத் தொடாமல் புதியதற்கு இடம் தரும் புறனடையின் பணியோடு இக்கொள்கை ஒப்பிடத்தக்கது.

4. விதி தனிப்பொருளாதல்

1994இல் எரிக் காமா, ரிச்சர்டு ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வர் வெளியிட்ட வடிவமைப்புத் தோரணிகள் குறித்த நூல் இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. அதில் இடம்பெற்ற உத்தித் தோரணி, ஒரு கணக்கீட்டு முறையைப் பயன்படுத்தும் பொருளிலிருந்து அதனைப் பிரித்துத் தனிப்பொருளாக்குகிறது. மின் இணைப்பு என்னும் பொருள் தனக்குரிய சலுகையைத் தானே கணக்கிடாது. தன்னோடு இணைக்கப்பட்ட சலுகை விதி என்னும் பொருளிடம் கேட்டுப் பெறும். கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறுபவரின் இணைப்புப் பொருள் அப்படியே இருக்க, அதனோடு இணைந்த விதிப்பொருள் மட்டும் மாறும். ஒரே வினாவிற்கு விதிப்பொருள்கள் வெவ்வேறு வகையில் விடை தருவது பல்லுருவாக்கத்தின் பயனாகும்.

கணக்கியல் மென்பொருள்களை ஆராய்ந்த மார்ட்டின் ஃபௌலர், 1990களின் நடுவில் வெளியிட்ட பகுப்பாய்வுத் தோரணிகள் நூலில் பதிவு விதி என்னும் கருத்தை விளக்கினார். ஒரு கணக்கில் பதிவு நிகழ்ந்தால் அதனைத் தொடர்ந்து வேறு எக்கணக்கில் எவ்வளவு பதிவாக வேண்டும் என்பதை ஒரு விதிப்பொருள் கூறும். நால்வருள் ஒருவரான ரால்ஃப் ஜான்சன், ஜோசப் யோடர் முதலியோருடன் சேர்ந்து தகவமை பொருள் மாதிரி என்னும் அணுகுமுறையை வளர்த்தார். இவ்வணுகுமுறையில் இனக்குழுக்களும் பண்புகளும் விதிகளும் தரவாகவே சேமிக்கப்படும். நிரலைத் தொகுக்காமலே புதிய வகையைச் சேர்க்கலாம். அடிக்கடி புதிய திட்டங்களை அறிவிக்கும் காப்பீட்டுத் துறை இதன் முதன்மையான களங்களுள் ஒன்று.

செயற்கை நுண்ணறிவுத் துறையிலிருந்து மற்றொரு மரபும் இதற்கு இணையாக வளர்ந்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஃபோர்ஜி, ஏராளமான விதிகளுள் பொருந்துவனவற்றை விரைந்து கண்டறியும் ரீட்டே என்னும் வழிமுறையை 1970களில் உருவாக்கினார். அதே பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட் டிஜிட்டல் நிறுவனத்திற்காக உருவாக்கிய எக்ஸ்கான், வாடிக்கையாளர் கேட்ட கணினியின் உறுப்புகளை விதிகளின் துணையால் பொருத்தியமைத்தது. 1980 முதல் பயன்பாட்டிற்கு வந்த அம்மென்பொருளில் விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, ஒரு விதியை மாற்றினால் வேறெவை பாதிக்கப்படும் என்று அறிவதே பெரும்பாடாயிற்று.

2003இல் வெளியான வணிக விதி அறிக்கை, விதிகள் நிரலினின்றும் வேறாகவும், தொழில் அறிந்தோர் படித்துச் சரிபார்க்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று வலியுறுத்தியது. 2015இல் தரப்படுத்தப்பட்ட முடிவு மாதிரிக் குறியீட்டில் பழைய முடிவு அட்டவணை மீண்டும் நடுவிடம் பெற்றது. அரை நூற்றாண்டுச் சுற்றுக்குப் பின் மேலாளர் படிக்கத்தக்க அட்டவணைக்கே துறை திரும்பியது.

5. விதிக்குரிய இரு காலங்கள்

விதியைத் தனிப்பொருளாக்கிய பின்னும் காலச் சிக்கல் எஞ்சியது. காலம்சார் தரவுத்தளங்களை ஆராய்ந்த ரிச்சர்டு ஸ்னாட்கிராஸ் முதலியோர் இரு காலங்களை வேறுபடுத்தினர். ஒரு செய்தி உலகில் உண்மையாக இருக்கும் காலம் செல்லுபடிக் காலம். அச்செய்தி கணினியில் பதிவாகியிருக்கும் காலம் பதிவுக் காலம். 2011ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். தரநிலை இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டது.

துணி வரி உயர்வை இவ்வடிவில் வைத்துப் பார்க்கலாம். 2021 நவம்பரில் பதிவான 12 விழுக்காடு விதியின் செல்லுபடிக் காலம் 2022 சனவரி 1இல் தொடங்குவதாக இருந்தது. டிசம்பர் 31இல் அச்செல்லுபடிக் காலம் நீக்கப்படுகிறது. எனினும் பதிவுக் காலத்தில் அவ்விதி நவம்பர் முதல் டிசம்பர் இறுதி வரை உயிரோடு இருந்தது. டிசம்பரில் ஒரு வணிகர் சனவரி விலையை 12 விழுக்காட்டில் கணக்கிட்டு விலைப்புள்ளி அளித்திருந்தால், அது அவர் செய்த பிழையன்று என்பதைப் பதிவுக் காலமே மெய்ப்பிக்கும். விதியை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் மென்பொருளில் இச்சான்று எஞ்சுவதில்லை.

அதிகார மாற்றத்திற்கும் இதுவே அடிப்படையாகும். விதிப்பொருள் தன்னை இயற்றிய அதிகாரத்தையும், தான் செல்லும் இடத்தையும், செல்லுபடிக் காலத்தையும் தன்னுள் கொண்டிருக்க வேண்டும். ஓர் ஊர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதும் காலவரையறை உடைய செய்தியாகவே சேமிக்கப்பட வேண்டும். 'அம்மையார்குப்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது' என்று காலம் குறிக்காமல் பதியும் மென்பொருள், 1957ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றை உள்ளிடும்போது பொருந்தாத சட்டத்தைத் தேடிச் செல்லும்.

6. ஒரு பட்டியல், மூன்று விடைகள்

இதுவரை கூறியவை நெசவாளருக்கு எவ்வாறு பொருள்படுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரு மாதங்களில், அதாவது 60 நாள்களில், 1400 அலகு பயன்படுத்திய ஒரு விசைத்தறி இணைப்பைக் கொள்வோம். இலவச அளவு 750இலிருந்து 1000ஆக உயரும் நாள் இக்காலத்தின் முதல் 20 நாள்களுக்குப் பின் வருவதாகவும் கொள்வோம்.

பட்டியல் காலம் தொடங்கிய நாளின் விதியைக் கொண்டால் 750 அலகு கழிந்து 650 அலகுக்குக் கட்டணம் உண்டு. பட்டியல் இடும் நாளின் விதியைக் கொண்டால் 1000 அலகு கழிந்து 400 அலகுக்கு மட்டுமே கட்டணம். நாள் விகிதப்படி பகுத்தால், முதல் 20 நாளுக்கு 250 அலகும் அடுத்த 40 நாளுக்குச் சுமார் 667 அலகும் சேர்ந்து 917 அலகு கழியும். எஞ்சிய 483 அலகுக்குக் கட்டணம் வரும். அரசாணையும் ஒன்று, பயன்பாடும் ஒன்று. ஆயினும் விடைகள் மூன்று. முதல் விடைக்கும் இரண்டாம் விடைக்கும் உள்ள வேறுபாடு 250 அலகு.

இம்மூன்றனுள் எதைத் தேர்வது என்பது தொழில்நுட்ப வினா அன்று. அது சலுகையின் பொருளைப் பற்றிய வினா. ஆணையில் மாற்றக்கால முறை குறிக்கப்படாதபோது, நிரலர் தமக்கு எளிதாகத் தோன்றிய முறையை எழுதுவார். அம்முறையே நடைமுறைச் சட்டமாகிவிடும். ஆணை பிறப்பித்தவர் அறியாமலும், பட்டியல் பெறுபவர் அறியாமலும், நிரலர் ஒரு விதியை இயற்றிவிடுகிறார். ஆகவே மாற்றக்கால முறையும் ஒரு வணிக விதியாகக் கருதப்பட்டு, தனிப்பொருளாக, பெயரோடு வெளிப்படையாக வைக்கப்பட வேண்டும். அது நிரப்பப்படாவிடில் மென்பொருள் கணக்கிட மறுத்து, உரிய அதிகாரியிடம் விளக்கம் கேட்டு நிற்பதே பொருத்தமான வடிவமைப்பாகும்.

விதிகள் முரணும்போது எது வெல்லும் என்னும் வினாவும் இங்கு எழுகிறது. ஒரே வீட்டில் குடியிருப்பும் தறியும் இருப்பின் வீட்டு இணைப்பிற்குரிய சலுகை, நெசவுச் சலுகை ஆகிய இரண்டுள் எது, எந்த வரிசையில் என்று விதி கூற வேண்டும். சிறப்புவிதி பொதுவிதியை விலக்கும் என்னும் இலக்கண நெறி விதி இயந்திரங்களிலும் முன்னுரிமை நெறிகளுள் ஒன்றாக உள்ளது. கூடுதல் நிபந்தனைகளை உடைய விதியை முதலில் தேர்வது ஓபிஎஸ்5 போன்ற விதி மொழிகளில் கையாளப்பட்டது. இவ்வொற்றுமை ஒன்றிலிருந்து மற்றொன்று பெற்றதன்று. பெருகும் விதிகளை ஒழுங்குபடுத்த முயலும் எத்துறையும் சென்றடையும் முடிபு இது எனலாம்.

7. நெகிழ்வின் விலை

எல்லாவற்றையும் மாற்றத்தக்கதாக வடிவமைப்பதே சிறந்தது என்று கொள்வதும் பிழையாகும். தகவமை பொருள் மாதிரியில் விதிகள் தரவாகி விடுவதால், நிரலைப் படிப்பவருக்கு மென்பொருளின் நடத்தை புலப்படுவதில்லை. நிரலைச் சோதிக்கும் கருவிகள் தரவில் உள்ள விதியைச் சோதிப்பதில்லை. ஓர் எண்ணைப் பிழையாக உள்ளிட்டால் அது அத்தனை பட்டியல்களிலும் ஒரே இரவில் பரவும். நிரலை மாற்றுவதற்கு ஒப்புதல் முறை உண்டு. தரவை மாற்றுவதற்கும் அதே அளவு கடுமையான ஒப்புதல் முறை வேண்டும் என்பது பலவிடங்களில் மறக்கப்படுகிறது. எக்ஸ்கானின் பட்டறிவும் விதிகளின் எண்ணிக்கை பெருகும்போது நெகிழ்வே இறுக்கமாகிவிடும் என்று காட்டுகிறது.

எனவே எவ்வகை மாற்றம் எதிர்பார்க்கப்படுகிறது என்று அறிந்து அதற்கேற்ற வடிவத்தைத் தேர்வதே முறை. அளவு மாற்றத்திற்குச் செல்லுபடிக் காலம் குறித்த அட்டவணை போதுமானது. அமைப்பு மாற்றத்திற்கு உத்தித் தோரணியும் முடிவு அட்டவணையும் பொருந்தும். அதிகார மாற்றத்திற்கு இடமும் இயற்றிய அமைப்பும் விதிப்பொருளின் பண்புகளாக வேண்டும். கால மாற்றத்திற்கு இரு காலப் பதிவு தேவை. 2006 முதல் 2023 வரை இருமுறை எண் மட்டுமே மாறிய மின் சலுகைக்குப் பெரியதொரு விதி இயந்திரம் தேவையில்லை. 2017இல் போல வரியின் வடிவமே மாறும்போது அட்டவணையில் எண்ணைத் திருத்துவது உதவாது.

முடிவுரை

பொருள்நோக்கு மென்பொருளின் வரலாற்றில் விதி முதலில் பொருளின் உள்ளே இருந்தது. 1990களில் தனிப்பொருளாயிற்று. பின்னர்த் தரவாயிற்று. இறுதியில் தொழில் அறிந்தோர் படிக்கத்தக்க அட்டவணையாக வெளியே வந்தது. அம்மையார்குப்பத்தின் நெசவுத்தொழில் கண்ட எல்லை மாற்றம், மின் சலுகை, வரி அமைப்பு, ஒத்திவைக்கப்பட்ட வரி உயர்வு ஆகியவை இப்படிநிலைகள் ஒவ்வொன்றும் ஏன் தேவைப்பட்டன என்பதை விளக்குகின்றன.

மாற்றம் நிகழும் இடைக்காலத்தில் விதியை இயற்றும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே இவ்வரலாறு முன்வைக்கும் முதன்மையான வினா. ஜக்கார்டு தறியில் அட்டையைத் தேர்வு செய்பவர் நெசவாளர். மின் பட்டியல் மென்பொருளில் மாற்றக்கால விதியைத் தேர்வு செய்தவர் யார் என்பது பட்டியலைப் பெறுபவருக்குத் தெரிய வேண்டும். எந்த விதியின்படி, எந்நாள் முதல், யாருடைய ஆணையால் இத்தொகை கணக்கிடப்பட்டது என்பதை ஒவ்வொரு பட்டியலிலும் அச்சிட்டுத் தரும் மென்பொருளே நெசவாளரின் பார்வையில் தகவமைவுடையதாகும். தமிழ்நாட்டின் நலத்திட்ட மென்பொருள்களை இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்வதற்கு இனி வரும் ஆய்வுகளில் இடமுண்டு.